‘சின்ன கார் எல்லாம் இனிமே வராது சார்’: கார் வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறையைச் சொல்கின்றன. சின்ன கார் பார்க்கப் போனால் ஷோரூமில் எஸ்.யு.வி. முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துகிறார்களாம். அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்களிடம் 2006-ல் வாங்கிய சான்ட்ரோ இருக்கிறது. ஆர்.சி. புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கோயில், கடை, ஆஸ்பத்திரி, மாதம் ஒருமுறை சொந்த ஊர், அவ்வளவுதான் ஓட்டம். அதே அளவில் புதிதாக ஒன்று கேட்டால், “சின்ன கார் எல்லாம் இனிமே வராது சார், எல்லா கம்பெனியும் எஸ்.யு.வி.க்குப் போயாச்சு” என்கிறார்கள். உண்மையா? (வாசகர், திருச்சி)

பாதி உண்மை. மீதி, ஷோரூமில் விற்கிற பையனுக்கு அந்த மாதம் கொடுத்திருக்கும் டார்கெட்.

உண்மைப் பாதியை முதலில் பார்ப்போம். 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்கள் சுமார் 43 லட்சம். அதில் 65 சதவீதம் யுடிலிட்டி வாகனங்கள், அதாவது எஸ்.யு.வி.க்களும் எர்டிகா, இன்னோவா போன்ற ஏழு சீட் வண்டிகளும். சின்ன கார்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது நம் கண்ணெதிரேதான் நடந்தது. 1983-ல் வந்த மாருதி 800-இன் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது ஃபிகோ போனது. ஒரகடத்தில் தயாரான டட்சன் 2022-ல் பெயரோடு சேர்ந்து காணாமல் போனது. உங்கள் சான்ட்ரோ 2014-இன் கடைசியில் நின்று, 2018-ல் புது உருவில் திரும்பி வந்து, 2022-ல் மறுபடியும் நின்றது. ஆல்டோ 800 கடைசியாக 2023-ல் போனது.

ஏன் போனது என்று பார்த்தால், மக்களின் ரசனை மாறியது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் கணக்கு. 2019 ஏப்ரல் முதல் எல்லா கார்களுக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. 2021 முடிவதற்குள் முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் வைத்தாக வேண்டும் என்றானது. 2023 ஏப்ரலில், சாலையில் ஓடும்போதும் புகை அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற அடுத்த கட்ட விதி. எல்லாமே நமக்கு நல்லதுதான், அதில் மறுப்பில்லை. ஆனால் ஒரு ஏர்பேக்குக்கும் ஒரு சென்சாருக்கும் ஆகிற செலவு, நாலு லட்ச ரூபாய் காரிலும் பன்னிரண்டு லட்ச ரூபாய் காரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நாலு லட்ச ரூபாய் கார் வாங்குபவர் பெரும்பாலும் டூவீலரிலிருந்து மாறுகிறவர். விலையில் முப்பதாயிரம் ஏறினால், “சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று திரும்பிப் போய்விடுவார். பன்னிரண்டு லட்சக்காரருக்கு அது சீட் கவர் காசு. மாருதியின் தலைவர் ஆர்.சி. பார்கவா பல வருடங்களாகச் சொல்லிவருவதும் இதைத்தான்: கீழ்த்தட்டில் வாங்குபவரின் கைக்கு விலை எட்டவில்லை.

கம்பெனிப் பக்கம் இன்னும் சுலபம். அதே அடித்தளம், அதே எஞ்சின், மேலே கொஞ்சம் உயரமான உடல். விலையில் ஒரு லட்சம் கூட்டலாம், வாங்கவும் ஆள் இருக்கிறது. யார்தான் விடுவார்கள்?

இனி அந்த டார்கெட் பாதிக்கு வருவோம். சின்ன கார் தீர்ந்துபோய்விடவில்லை. ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, செலேரியோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட், டியாகோ, க்விட், கிராண்ட் ஐ10 நியோஸ் என்று பட்டியல் இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியதும் (அதற்கு முன் செஸ் சேர்த்து பெட்ரோலுக்கு 29, டீசலுக்கு 31) இவற்றைக் கேட்டு வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். ஷோரூமின் வெளிச்சமான நடுப்பகுதியில் இவை நிற்பதில்லை, ஓரத்தில் நிற்கும். “வேகன்ஆர் எடுத்து வாங்க, ஓட்டிப் பார்க்கணும்” என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வேகன்ஆரைச் சும்மா சொல்லவில்லை. சான்ட்ரோ வந்த காலத்தில் அதை ‘டால் பாய்’ என்றார்கள், நினைவிருக்கும். குனியாமல் ஏறி, நிமிர்ந்து உட்காரலாம். அந்த வசதிக்குப் பழகிய முழங்கால்கள் தாழ்வான ஹேட்ச்பேக்கில் உட்கார்ந்து எழச் சிரமப்படும். எஸ்.யு.வி.யைக் காட்டுகிறவர்கள் “ஏறி இறங்க சுலபம்” என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த உயரம் வேகன்ஆரிலும் உண்டு: 1,675 மில்லிமீட்டர், பல குட்டி எஸ்.யு.வி.க்களைவிட அதிகம். டெஸ்ட் டிரைவின்போது உங்கள் மனைவியைப் பின்சீட்டில் நாலைந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். மைலேஜ், தொடுதிரை எல்லாம் அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மாருதியின் பலேனோ வாங்கப் போனேன். ஃபிராங்க்ஸ் எடுங்கள், அதுதான் எஸ்.யு.வி., ரீசேல் நன்றாக இருக்கும் என்கிறார்கள். நண்பரோ இரண்டும் ஒரே வண்டி என்கிறார். எதை நம்புவது? (வாசகி, கோவை)

நண்பர் கிட்டத்தட்ட சரி. பலேனோவின் நீளம் 3,990 மில்லிமீட்டர், ஃபிராங்க்ஸ் 3,995. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவிலான தூரம் இரண்டிலும் 2,520. 1.2 லிட்டர் எஞ்சினும் அதேதான். 2023-ல் வந்த ஃபிராங்க்ஸில் உடல் ஐந்து சென்டிமீட்டர் உயரம், தரையிலிருந்து இடைவெளி சுமார் இரண்டு சென்டிமீட்டர் கூடுதல், முன்பக்கம் முறைக்கிற மாதிரி ஒரு முகம். இதுதான் பெரும்பகுதி வித்தியாசம். டிக்கியைத் திறந்தால் கதை திரும்புகிறது: பலேனோவில் 318 லிட்டர், ‘எஸ்.யு.வி.’யான ஃபிராங்க்ஸில் 308.

பின்சீட்டையும் பார்த்துவிடுங்கள். ஃபிராங்க்ஸின் கூரை பின்னால் சரிந்து இறங்குகிறது. வீட்டில் உயரமானவர் யாராவது இருந்தால் அவரை அங்கே உட்காரவைத்து, தலைக்கும் கூரைக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள்.

இந்த ஜோடி மட்டும் இல்லை. ஹூண்டாய் எக்ஸ்டரை நியோஸோடும், டாடா பஞ்ச்சை ஆல்ட்ரோஸோடும் வைத்துப் பாருங்கள், உறவு தெரியும். பஞ்ச் தப்பான கார் என்று சொல்ல வரவில்லை. 2024-ல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் அதுதான், மாருதி நாற்பது வருடமாக வைத்திருந்த இடத்தைப் பிடித்தது. ஆனால் அப்போது அதன் நீளம் 3,827 மில்லிமீட்டர், ஸ்விஃப்ட்டைவிடக் குட்டை. நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகையறா என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். இவற்றில் முன்சக்கரம் இரண்டு மட்டுமே இழுக்கும், உடலும் சாதாரண கார் போல ஒரே கூடுதான். பழைய அர்த்தத்தில், தனி சேஸி மேல் உடலைத் தூக்கி வைத்த வண்டி வேண்டுமென்றால் பொலேரோ, ஸ்கார்ப்பியோ, தார் பக்கம் போக வேண்டும்.

ஏன் எல்லாமே 3,995-ல் வந்து நிற்கிறது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். பிரெஸ்ஸா 3,995, நெக்ஸான் 3,995, வென்யூ, சோனெட்டும் அதேதான். நாலு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் இருந்தால் சின்ன கார் வரி. 2006 மத்திய பட்ஜெட்டில் கலால் வரிக்காகப் போட்ட கோடு இது, ஜி.எஸ்.டி.யிலும் தொடர்கிறது. தாண்டினால் இப்போது 40 சதவீதம். விளம்பரத்தில் பாறை மேல் ஏறுகிற வண்டி, வரிக் கணக்கில் சின்ன கார்!

மைலேஜ் விஷயத்தில் ஃபிராங்க்ஸைக் குறை சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. கம்பெனி சொல்லும் அளவு பலேனோவுக்கு 22.35, ஃபிராங்க்ஸ் 1.2-க்கு 21.79, இரண்டும் மேனுவல் கியரில். வருடம் 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் வித்தியாசம் பதினொன்றரை லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1,150 ரூபாய் சுமார். அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு சென்டிமீட்டருக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் (சாலை வரி, இன்ஷூரன்ஸ் சேராத விலை) எவ்வளவு கூடுதல் கேட்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இரண்டு கொட்டேஷனையும் ஒரே அளவு வசதியுள்ள வேரியன்டுக்கு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் தெருவில் பழைய கார் அடிவயிறு தட்டும் வேகத்தடை இருந்தால் ஃபிராங்க்ஸ் எடுங்கள். கோவை அவினாசி சாலையில்தான் ஓட்டம் என்றால் நான் பலேனோ பக்கம்.

ரீசேல் பற்றி: எட்டு வருடம் கழித்து எதற்கு மவுசு என்று ஷோரூமில் யாருக்கும் தெரியாது.

கேள்வி: ஒரு குட்டி எஸ்.யு.வி. பார்த்தேன். நான் கேட்ட வேரியன்ட் எக்ஸ்-ஷோரூம் 9.90 லட்சம். அடுத்தது 10.20 லட்சம், சன்ரூஃப், பெரிய திரை எல்லாம் வருகிறது. “முப்பதாயிரம்தான் சார், இ.எம்.ஐ.யில் மாசம் 600 ரூபாய்” என்கிறார்கள். எடுத்துவிடலாமா? (வாசகர், மதுரை)

கொஞ்சம் நில்லுங்கள். இந்தக் கேள்வியில் பணம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் கார்களுக்கான ஆயுள்கால சாலை வரியை 2023 நவம்பரில் மாற்றினார்கள். 5 லட்சம் வரை 12 சதவீதம். 5 முதல் 10 லட்சம் வரை 13. 10-க்கு மேல் 20 லட்சம் வரை 18. அதற்கும் மேலே 20. வருமான வரி மாதிரி, தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் வரி என்று நினைத்துவிடாதீர்கள். முழு விலைக்கும் 18.

9.90 லட்சத்துக்கு 13 சதவீதம் என்றால் 1,28,700 ரூபாய். 10.20 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் 1,83,600. சாலை வரியில் மட்டும் 54,900 கூடுகிறது. விலை வித்தியாசம் முப்பதாயிரத்தைச் சேர்த்தால் 84,900. இதற்கு மேல், 10 லட்சத்தைத் தாண்டும் காருக்கு டி.சி.எஸ். என்று 1 சதவீதம், அதாவது 10,200 ரூபாய், டீலர் பிடித்துக் கட்டுவார். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம், ஆனால் இன்றைக்குக் கையிலிருந்து போகிறது. கார் மதிப்பு ஏறுவதால் இன்ஷூரன்ஸும் கொஞ்சம் ஏறும்.

ஆக முப்பதாயிரம் என்று சொன்னது ஏறக்குறைய 85,000. ஐந்து வருடக் கடன், 9 சதவீத வட்டி என்றால் 600 என்றது மாதம் 1,760 பக்கம் வரும். அவர் பொய் சொல்லவில்லை. எக்ஸ்-ஷோரூம் விலையை மட்டும் சொன்னார். எப்போதும் கேட்க வேண்டியது ஆன்-ரோடு விலை, அதுவும் வரி, இன்ஷூரன்ஸ், பதிவு, ‘ஹேண்ட்லிங்’, ஆக்சசரீஸ் என்று வரிவரியாகப் பிரித்து எழுதிய தாளில். சில டீலர்கள் கேட்கும் ஹேண்ட்லிங் சார்ஜுக்கு என்ன அடிப்படை என்று கேட்டால், பல நேரம் அந்த வரி தானாகவே காணாமல் போகும்.

சன்ரூஃபுக்காக 85,000 கொடுக்கலாமா என்றால், மதுரை மே மாத வெயிலில் அதைத் திறக்கப் போகிறீர்களா என்று திருப்பிக் கேட்பேன். ஆனால் மேல் வேரியன்டில் மட்டும் ஆறு ஏர்பேக், வண்டி வழுக்காமல் பிடிக்கும் இ.எஸ்.சி. போன்றவை வருகின்றன என்றால் கதை வேறு. அவற்றை வெளியே வாங்கிப் பொருத்த முடியாது. ரிவர்ஸ் கேமரா, திரை, சீட் கவர் எல்லாம் பிறகு பொருத்தலாம். ஒயரை வெட்டி ஒட்டினால் வாரன்டி போகும் என்பதால் கப்ளரில் நேராகச் சொருகும் வகையாகக் கேளுங்கள்.

இன்னொரு சின்ன லாபம், பலர் கவனிக்காதது. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டணம் எஞ்சின் சி.சி.யைப் பொறுத்தது. 2022-ல் அறிவித்த கட்டணப்படி புது காருக்கு மூன்று வருடம் சேர்த்து 1,000 சி.சி. வரை 6,521 ரூபாய், 1,500 வரை 10,640, அதற்கு மேல் 24,596. ஒரு லிட்டர் டர்போ எஞ்சின்கள் 998, 999 சி.சி. என்று வருவதால், வேகமாகப் பறந்தாலும் ஆல்டோ கட்டணம்தான்!

கேள்வி: அப்பார்ட்மென்ட்டில் கவர்டு பார்க்கிங் இருக்கிறது. கிரெட்டா நிற்குமா? (வாசகர், அம்பத்தூர்)

நிற்கும். நீங்கள் இறங்க முடியுமா என்பதைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதிப்படி ஒரு கார் நிறுத்தும் இடம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். கிரெட்டாவின் அகலம் 1,790 மில்லிமீட்டர். நடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் மிஞ்சுவது 35 சென்டிமீட்டர். பக்கத்தில் தூண் இருந்தால் கதவைப் பாதி கூடத் திறக்க முடியாது. வேகன்ஆர் 1,620, ஆல்டோ கே10 1,490 மில்லிமீட்டர். இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போய், தூணிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் கோடு வரை அளந்துவிட்டு அப்புறம் புக் பண்ணுங்கள். பழைய கட்டடங்களில் அந்த இரண்டரை மீட்டரே இருக்காது.

கேள்வி: வருடா வருடம் எங்கள் பகுதியில் தண்ணீர் நிற்கிறது. எஸ்.யு.வி. இருந்தால் தப்பிக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரியா? (வாசகி, வேளச்சேரி)

தெருவில் கணுக்கால் தண்ணீர் என்றால் கொஞ்சம் உதவும். அதற்கு மேல் நம்ப வேண்டாம். பஞ்ச் காருக்கு டாடாவே சொல்லும் அளவு 370 மில்லிமீட்டர் தண்ணீர். அது முழங்காலுக்குக் கீழேதான். எஞ்சின் மூச்சிழுக்கும் குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் தண்ணீரை அமுக்கப் பார்க்கும், தண்ணீர் அமுங்காது, உள்ளே கம்பி வளையும். இதற்குச் சின்ன கார், பெரிய கார் பேதம் கிடையாது. எதிரே ஒரு பஸ் வந்து அலை அடித்தாலே போதும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பலருடைய கார்கள் மூழ்கியது சாலையில் இல்லை, வீட்டு பேஸ்மென்ட்டில். அங்கே கிரவுண்ட் கிளியரன்ஸ் என்ன செய்யும்? உங்கள் பணத்தை வண்டியின் உயரத்தில் போடுவதைவிட இன்ஷூரன்ஸில் ‘எஞ்சின் புரொடெக்ட்’ சேர்த்துக்கொள்வதில் போடுங்கள். வெள்ளச் சேதம் முழு பாலிசியில் வரும். ஆனால் தண்ணீரில் நின்றுபோன வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், சாதாரண பாலிசியில் அதைத் தரமாட்டோம் என்று சொல்ல வழி இருக்கிறது. மழையில் வண்டி நின்றால் சாவியைத் தொடாதீர்கள். போட்டோ எடுங்கள், இன்ஷூரன்ஸுக்குச் சொல்லுங்கள், டோ வண்டியில் ஏற்றுங்கள். வானிலை எச்சரிக்கை வந்ததும் காரை மேட்டுப் பகுதிக்கு எடுத்துப் போகிற வேளச்சேரிக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. நான் சிரிக்கமாட்டேன்.

கேள்வி: மாமனார் பெரிய வண்டிதான் பாதுகாப்பு என்கிறார். ஹேட்ச்பேக் என்றாலே தகரம் என்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது? (வாசகர், சேலம்)

மாமனாரிடம் ஜெயிக்க வேண்டாம், நட்சத்திரங்களைக் காட்டுங்கள். டாடா ஆல்ட்ரோஸ் ஹேட்ச்பேக்தான், குளோபல் என்கேப் அமைப்பு காரை மோதவிட்டுப் பார்க்கும் சோதனையில் 2020-லேயே ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2024-ல் வந்த புது டிசையர் குட்டி செடான், அதுவும் அங்கே ஐந்து வாங்கியது. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் மாடலின் பெயரைப் போட்டு அதில் தேடுங்கள்.

அவர் சொல்வதில் இயற்பியல் ஒன்று இருக்கிறது. கனமான வண்டியும் லேசான வண்டியும் மோதினால் லேசானதற்கு அடி அதிகம். ஆனால் அந்தக் கனம் நடந்து போகிறவருக்கு எமன். அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற காப்பீட்டு ஆய்வு அமைப்பு 2023-ல் வெளியிட்டது: பானெட் விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலத்துக்குள் சரிவான முகப்பு உள்ளவற்றைவிட, மோதினால் பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். நம் குட்டி எஸ்.யு.வி.க்கள் அத்தனை உயரம் இல்லைதான். ஆனால் வீட்டு வாசலில் குழந்தைகள் விளையாடும் தெருவில், பானெட்டுக்கு முன்னால் எவ்வளவு தூரம் வரை தரை தெரியவில்லை என்று ஓட்டும் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: டெக்சாஸில் வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. சின்னதாக ஒரு புது கார் தேடினால் எங்கே பார்த்தாலும் பிக்கப் டிரக்கும் எஸ்.யு.வி.யும்தான். இங்கே ஏன் இப்படி? எதை வாங்கலாம்? (வாசகர், டல்லாஸ்)

இந்த ஓட்டம் உங்கள் ஊரில்தான் முதலில் வேகமெடுத்தது. ஃபியட் கிரைஸ்லர் 2016-ல் டாட்ஜ் டார்ட்டையும் கிரைஸ்லர் 200-ஐயும் நிறுத்தியது. ஃபோர்டு 2018 ஏப்ரலில், வட அமெரிக்காவில் மஸ்டாங் ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு செடான்களைக் கைவிடுவதாகச் சொன்னது. அதே வருடம் நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் குரூஸ், இம்பாலா போன்றவற்றை முடித்துவைக்கப் போவதாக அறிவித்தது. ஹோண்டா ஃபிட், டொயோட்டா யாரிஸ் 2020-ல் போயின, ஷெவர்லே ஸ்பார்க் 2022-ல்.

அங்கேயும் கோடு போட்டது சட்டம்தான், கோடு விழுந்த இடம் வேறு. 1964-ல், ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக, வெளிநாட்டு லைட் டிரக்குகளுக்கு 25 சதவீத இறக்குமதி வரி போட்டார்கள். கோழிச் சண்டை முடிந்தது, வரி போகவில்லை. வெளியிலிருந்து போட்டி வராத வேலிக்குள் டிரக் வளர்ந்தது. எரிபொருள் சிக்கன விதியிலும் டிரக் வகைக்குக் காரைவிடத் தளர்வான இலக்கு, எஸ்.யு.வி.க்கள் பலவும் அந்த வகையில் சேர்ந்துகொண்டன. பிறகு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு பெரிதாக இருந்தால் இலக்கும் தளரும் என்று வந்ததும் சின்னதாகச் செய்ய ஊக்கமே போய்விட்டது. நம் இந்திய விதியும் எடை கூடினால் இலக்கைத் தளர்த்துகிற வகைதான். அடுத்த கட்ட விதியில் சின்ன காருக்குத் தனிச் சலுகை வேண்டும், வேண்டாம் என்று 2025-ல் மாருதி ஒரு பக்கமும் வேறு சில பெரிய கம்பெனிகள் மறுபக்கமும் நின்று வாதாடின.

உங்களுக்கு: ஜப்பான் கம்பெனிகளின் கொரோலா, சிவிக் இரண்டும் அங்கே இன்னும் இருக்கின்றன, ஹைபிரிட்டிலும் கிடைக்கும். தினமும் ஹைவேயில் ஆபீஸ் போகிறவருக்கு அது போதும். அலுவலக நண்பர்கள் எல்லோரும் டிரக் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக வாங்காதீர்கள். அந்த டிரக்கின் பின்பக்கத்தில் அவர்கள் எப்போதாவது எதையாவது ஏற்றியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு வண்டிக்கும் இன்ஷூரன்ஸ் கோட் வாங்குங்கள். புதிதாக வந்தவர்களுக்கு அங்கே அமெரிக்க கிரெடிட் வரலாறு இருக்காது என்பதால் கடன் வட்டியும் இன்ஷூரன்ஸும் சேர்ந்து கடிக்கும்.

கேள்வி: பட்ஜெட் மூன்று லட்சம்தான். பழைய ஆல்டோ 800 பார்த்திருக்கிறேன். நிறுத்திவிட்ட மாடல், பார்ட்ஸ் கிடைக்காது, பழைய காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் வேறு என்கிறார்கள். (வாசகர், நாகர்கோவில்)

பார்ட்ஸ் பயம் ஆல்டோவுக்கு வேண்டாம். மாடல் நின்றாலும் சாலையில் லட்சக்கணக்கில் ஓடுகிறது, கம்பெனியும் நாட்டில் இருக்கிறது. ஒழுகினசேரியில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கிளட்ச் பிளேட் கிடைக்கும். யோசிக்க வேண்டியது கம்பெனியே கடையைக் கட்டிய மாடல்களில்தான். அவற்றில் எஞ்சின் பாகம் எப்படியோ கிடைத்துவிடும், உடைந்த ஹெட்லைட்டுக்கும் பம்பருக்கும்தான் அலைய வேண்டியிருக்கும்.

ஆல்டோவில் 2022-க்குப் பிறகு தயாரானதாகக் கிடைத்தால் விடாதீர்கள். முன்னால் இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இருக்கும். மூன்று லட்சத்துக்குள் அடங்கவில்லை என்றால், 2019 ஏப்ரலுக்கு முன்னால் தயாரானதற்குப் போகாதீர்கள்.

ஜி.எஸ்.டி. விஷயம் தவறாகப் பரவியிருக்கிறது. பழைய கார் வியாபாரம் செய்கிறவர், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் கிடைக்கும் லாபத்துக்குக் கட்டுவது அந்த 18 சதவீதம். தனிநபர் தன் காரை உங்களுக்கு விற்றால் அது வராது.

வாங்கும் முன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யோடு அந்தப் பெயரை நீக்கித் தரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய கையோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள், இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக்கொடுங்கள். புரோக்கர் “அடுத்த வாரம் பார்த்துக்கலாம்” என்றால், மீதிப் பணத்தையும் அடுத்த வாரம் தருவதாகச் சொல்லுங்கள்.